"ஏன் எனக்கு?" கட்டிலோரத்தில் கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு சபை. ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்ட கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வரும் ஐந்தாறு பேரில் நானும் ஒருவன். போதகர் அல்ல, இறையியல் கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் பல வருஷமாக ஒரே கேள்விகள் வெவ்வேறு வாய்களிலிருந்து வருவதைக் கேட்டிருக்கிறேன். அவற்றையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஐயர் (எங்கள் போதகர்) படித்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் முகம் சுளித்தார், ஆனாலும் "இருக்கட்டும், போடுங்க" என்றார்.

நான் செய்த பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனையா?

பெரும்பாலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள், அதுவும் பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து. இயேசுவிடம் சீஷர்கள் கேட்டதும் இதைத்தான். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்றார்கள். இரண்டும் இல்லை என்றார் அவர் (யோவான் 9). சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று தாமே சொல்லிவிட்டார் (லூக்கா 13).

இருபது வருஷம் குடித்து ஈரல் கெட்டால் அதற்குக் காரணம் தெரியும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மார்பில் கட்டி வந்த பெண்ணிடம் "எதையாவது அறிக்கை செய்யாமல் வைத்திருக்கிறாயா அம்மா" என்று கேட்பது வேறு. அதைக் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் அன்று ராத்திரி தூங்கவில்லை.

பரம்பரை சாபம் என்கிறார்களே?

"பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்று இஸ்ரவேலில் ஒரு பழமொழி இருந்தது. இனி அதைச் சொல்லவே கூடாது என்று எசேக்கியேல் 18-ல் கடவுளே தடுக்கிறார். நம் ஊரில் அதை ஒரு கூட்டத்துக்குத் தலைப்பாக வைத்து நோட்டீஸ் அடிக்கிறோம்.

கடவுள்மேல் கோபமாக வருகிறது. பாவமா?

சங்கீத புத்தகத்தில் முறையீடுகள் எத்தனை என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். "எதுவரைக்கும் கர்த்தாவே" என்ற குரல் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலான முறையீடுகள் கடைசியில் துதியில் போய் முடியும். 88-ஆம் சங்கீதமோ அப்படி முடியவில்லை. சிநேகிதனையும் தோழனையும் என்னைவிட்டு விலக்கினீர் என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் ஒரு "அல்லேலூயா"வை ஒட்டவைக்க யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள். அதை அப்படியே வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால், உங்கள் கோபத்துக்கும் அங்கே இடம் இருக்கிறது.

ஒன்று கவனித்திருக்கிறேன். கோபப்படுகிறவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கவலை தருவது "எல்லாம் சரிதான், ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறவர்கள்.

யோபுவுக்குக் கடைசியில் காரணம் சொல்லப்பட்டதா?

இல்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் கடவுளுக்கும் சாத்தானுக்கும் நடந்த பேச்சு நமக்குத் தெரியும், யோபுவுக்குத் தெரியாது. 42 அதிகாரம் முடிந்த பிறகும் அவருக்குத் தெரியாது. 38-ல் கடவுள் பேசத் தொடங்கும்போது விளக்கம் வரும் என்று எதிர்பார்ப்போம். வருவது கேள்விகள்: பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய், வரையாடு ஈனும் காலம் உனக்குத் தெரியுமா, இப்படி. முதலில் படித்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. புண்ணைச் சுரண்டிக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்திருப்பவனிடம் வரையாட்டைப் பற்றியா பேசுவது?

இப்போது எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. யோபு கேட்டது காரணம். கிடைத்தது, கடவுளே நேரில் வந்து நின்றது. அது அவருக்குப் போதுமாக இருந்தது. எல்லோருக்கும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். காரணம் எல்லாம் தெரிந்ததுபோலப் பேசிய மூன்று நண்பர்களையும் கடவுள் கடிந்துகொண்டார். என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார் (42:7). கத்தியவர் சரி, கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்கள் தப்பு! இந்த ஒரு வசனத்தை ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொருவரும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கடைசியில் யோபுவுக்கு மறுபடியும் பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். போன பத்துப் பேர் போனவர்கள்தான். பிள்ளையை இழந்த தாயிடம் இந்தக் கடைசி அதிகாரத்தை வாசிக்காதீர்கள்.

"சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்பது உண்மையா?

நம்புகிறேன். ஆனால் அதை யார், யாரிடம், எப்போது சொல்கிறார்கள் என்பது முக்கியம்.

யோசேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்று தன்னை விற்ற சகோதரர்களிடம் அவர் சொன்ன இடம் ஆதியாகமம் 50. ஒரு கணக்குப் போட்டேன். குழியில் போடப்பட்டு விற்கப்பட்டபோது வயது 17. பார்வோன் முன் நின்றபோது 30. ஏழு வருஷ விளைச்சலும் இரண்டு வருஷப் பஞ்சமும் கழிந்து சகோதரர்களுக்குத் தன்னை வெளிப்படுத்தியபோது ஏறக்குறைய 39. அதற்குப் பிறகு தகப்பன் யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் உயிரோடிருந்தார். அவரை அடக்கம் செய்த பிறகுதான் இந்தப் பேச்சு வருகிறது. அப்படியானால் யோசேப்புக்கு அப்போது 56 வயது இருக்கும். குழியிலிருந்து அந்த வாக்கியம் வரைக்கும் 39 வருஷம்!

குழிக்குள் எட்டிப் பார்த்து யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. பானபாத்திரக்காரன் அவரை மறந்துபோய் இன்னும் இரண்டு வருஷம் சிறையில் கிடந்தபோதும் யாரும் சொல்லவில்லை. பட்டவரே தன் வாயால், திரும்பிப் பார்த்துச் சொன்னது அது.

இதை நான் ஒரு சாவு வீட்டில் கற்றுக்கொண்டேன். பைக் விபத்தில் பையனை இழந்த ஒரு தாயிடம், அடக்கத்துக்கு மறுநாளே, இந்த ரோமர் 8:28-ஐ எடுத்துவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "என்ன நன்மை அண்ணே, சொல்லுங்க" என்றார். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அப்புறம் அந்த வசனத்தை நான் வேறு யாருக்கும் சொன்னதில்லை. எனக்கு மட்டும் சொல்லிக்கொள்வேன்.

புது வருஷ வாக்குத்தத்தமாக எரேமியா 29:11 வந்தது. ஆனால் வருஷம் முழுக்கக் கஷ்டம். கடவுள் பொய் சொன்னாரா?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் தட்டிலிருந்து எடுக்கிற அட்டையில் இந்த வசனம்தான் எத்தனை பேருக்கு வருகிறது! கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய வீடுகளும் உண்டு. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அட்டையில் இருப்பது அவ்வளவுதான். அதற்கு முந்தின வசனம் அட்டையில் வருவதில்லை: பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகு.

நடந்தது இது. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் தச்சர்களையும் கொல்லர்களையும் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அங்கே போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம்தான் 29-ஆம் அதிகாரம். இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி வருகிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் மாட்டியிருந்த மரநுகத்தை எல்லோர் முன்னிலும் உடைத்துப்போட்டு, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அறிவிக்கிறான். கேட்டவர்கள் எப்படிக் கைதட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கென்றால் அந்த வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியிருக்கும். எரேமியா சொன்னது, மரநுகம் போய் இரும்புநுகம் வரும் என்று. அனனியா அதே வருஷம் ஏழாம் மாதம் செத்துப்போனான்.

எழுபது வருஷம் என்றால், கடிதம் வாசிக்கப்பட்டபோது அங்கே உட்கார்ந்திருந்த நாற்பது வயதுக்காரர் ஊர் திரும்பப் போவதில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று எழுதப்பட்டது. இதை அவர் எப்படி வாங்கியிருப்பார்?

விடை அதே கடிதத்தின் ஐந்தாம் வசனத்தில் இருக்கிறது. வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள். உங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன அதே பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். காத்திருப்பு என்றால் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பது அல்ல என்கிறார் எரேமியா. பாபிலோன் மண்ணிலேயே வெண்டைக்காய் போடச் சொல்கிறார். (வெண்டைக்காய் என் சேர்க்கை.)

அட்டையைச் சுவரிலிருந்து எடுக்க வேண்டாம். பக்கத்தில் இன்னொன்று எழுதி மாட்டுங்கள்: 29:5.

அப்படியானால் என் கஷ்டத்தின் நோக்கம் என்ன?

கேள்வியை ஒரு சின்னத் திருப்பு திருப்பிக் கேட்கலாம் என்பது என் எண்ணம். "இது எதற்காக எனக்கு அனுப்பப்பட்டது" என்பது ஒன்று. "இங்கே இருந்துகொண்டு எனக்கு என்ன வேலை" என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் கிடைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டாவதற்குக் கிடைத்தவர்கள் உண்டு.

எங்களுக்குப் பக்கத்திலேயே ஒருவர். களக்காட்டுக்கு அருகே, மலையடிவாரத்தில் இருக்கிறது டோனாவூர். (ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் பணம் கொடுத்து உதவிய பிரஷ்யப் பிரபு ஒருவரின் பெயர் அது, நம்மவர்கள் அதை அழகாக ஊர் ஆக்கிக்கொண்டார்கள்.) அயர்லாந்துக்காரரான ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியா வந்து, 1901 முதல் அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண் குழந்தைகள் முதலில். பிற்பாடு ஆண் குழந்தைகளும். எல்லோருக்கும் அவர் அம்மை. ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தவர். 1931 அக்டோபர் 24 அன்று, இருட்டும் நேரத்தில், களக்காட்டில் புதிதாக வெட்டியிருந்த ஒரு குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அப்போது வயது 63. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எழவில்லை. 1951 ஜனவரி 18-ல் இறக்கும் வரை, இருபது வருஷத்துக்குச் சற்றுக் குறைய, பெரும்பாலும் ஒரே அறை.

அந்த அறையிலிருந்துதான் பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களையும் கணக்கற்ற கடிதங்களையும் எழுதினார். படுக்கையில் கிடப்பவர்களுக்கு அவர் எழுதியவற்றில் ஒரு தனி ஓசை உண்டு, ஏனென்றால் நின்றுகொண்டு எழுதியவை அல்ல அவை. "புத்தகம் எழுதத்தான் கடவுள் குழியில் தள்ளினார்" என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். எனக்கு ஒப்பவில்லை. இருட்டில் மூடாமல் விட்ட குழி அது. ஆனால் விழுந்த பிறகு அந்த அறையில் செய்ய வேலை இருந்தது. அவர் அதைச் செய்தார். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் அம்மை என்று எழுதினார்கள்.

இன்னொருவர் வேலூரில். மேரி வர்கீஸ், கொச்சிப் பக்கத்திலிருந்து வந்து கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானவர். 1954 ஜனவரியில், உடன் வேலைபார்த்த டாக்டர்களோடு வேனில் உல்லாசப் பயணம் போனபோது விபத்து. தண்டுவடத்தில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அறுவை சிகிச்சை நிபுணர் ஆகவேண்டும் என்று இருந்த இளம்பெண். அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு, வேலைசெய்யும் தசைநாணை எடுத்து மாற்றித் தைக்கும் சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் செய்துகொண்டிருந்தார். கை அறுவை சிகிச்சை உட்கார்ந்தபடியே செய்யக்கூடியதுதானே என்று அவர் சொன்னார். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே அந்தச் சிகிச்சைகளைச் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார்; 1966-ல் வேலூரில் அதற்கென்று ஒரு நிலையமே உருவானது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானார். இன்றைக்கு மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த ஒருவர் அங்கே போய்ச் சக்கர நாற்காலி ஓட்டப் பழகுகிறார் என்றால், அந்தப் பாதையை வெட்டியவர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்.

இதிலும் விபத்தை நல்லது என்று நான் சொல்லவில்லை. அது நடக்காமல் இருந்திருந்தால் மேரி நன்றாகவே நடந்திருப்பார்.

அவர்களெல்லாம் டாக்டர், மிஷனெரி. நான் சாதாரண ஆள்.

நியாயமான கேள்வி. பெரியவர்கள் கதை சில சமயம் கட்டிலில் கிடப்பவருக்குக் கூடுதல் பாரம்.

பெயர் சொல்லாமல் ஒருவரைச் சொல்கிறேன். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வரும் அக்கா, பீடி சுற்றிக்கொண்டிருந்தவர். புதிதாக ஒரு நோயாளி பயந்துபோய் உள்ளே வந்தால் இவர்தான் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு எந்தக் கவுண்டர், என்னென்ன ஜெராக்ஸ் என்று சொல்லிக்கொடுப்பார். "ஃபிஸ்டுலா போட்ட கையில பிரஷர் பார்க்க விடாதீங்க, ஊசி போட விடாதீங்க, அந்தக் கையில குடம் தூக்காதீங்க" என்பார். (ஃபிஸ்டுலா என்பது டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து வைப்பது.) ஒருநாள் என்னிடம், "நான் கோவில்ல ஓய்வுநாள் பள்ளி டீச்சரா ஆகணும்னு ஆசைப்பட்டேன், படிப்பு பத்தல" என்றார். இப்போது அவரிடம் பாடம் கேட்காத நோயாளி அந்த வார்டில் இல்லை.

ஜெபித்தும் குணமாகவில்லை. விசுவாசக் குறைவா?

பவுல் தன் உடம்பில் இருந்த ஒரு வேதனையை முள் என்பார். அதற்காக மூன்று தரம் வேண்டினார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. கெத்செமனேயில் இயேசுவே கேட்டது, இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் என்று. அது நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வது? இன்னும் ஒன்று, யாரும் பிரசங்கம் பண்ணாத வசனம்: துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று 2 தீமோத்தேயு 4-ல் பவுல் எழுதுகிறார். எத்தனையோ பேரைக் குணமாக்கியவர், கூட்டாளியை நோயோடு விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார். காரணமும் சொல்லவில்லை.

மாத்திரையை நிறுத்திவிட்டு முழுதாக நம்பலாமா?

வேண்டாம். எசேக்கியா ராஜா பிழைப்பார் என்று கடவுளே சொன்ன பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20). சர்க்கரை, வலிப்பு, மனநோய் மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தி, ஐ.சி.யூ.வில் போய் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு காணிக்கை அனுப்பினால் அற்புதம் நடக்கும் என்கிறார்களே?

நாகமான் குஷ்டம் நீங்கிப் பொன்னும் வெள்ளியும் கொண்டுவந்தபோது எலிசா ஒரு காசு வாங்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் வாங்கியவன் வேலைக்காரன் கேயாசி. அவனுக்கு என்ன வந்தது என்று 2 இராஜாக்கள் 5-ல் படித்துக்கொள்ளுங்கள்.

செத்துப்போனால் தேவலை என்று இருக்கிறது. வெளியே சொல்லப் பயம்.

சொல்லுங்கள். எலியா சொன்னார். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை, கண்டிக்கவும் இல்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பாடு. உன் பிரயாணம் வெகுதூரம் என்பது மட்டும்தான் பேச்சு.

ஆகவே இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டில் முடியாதென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பேசலாம். பணம் கிடையாது, எந்த நேரமும், தமிழில். மனநல மருத்துவரிடம் போவது விசுவாசத்தைக் கைவிடுவது அல்ல. அது அந்த அடையும் தண்ணீரும்.

உண்மையான நம்பிக்கை இருந்தால் பயமே வராதா?

"நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." சங்கீதம் 56. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கை நடுங்குவதும் நம்பிக்கையும் ஒரே நாளில் இருக்கலாம்.

நோயாளியைப் பார்க்கப் போகிறோம். என்ன சொல்வது?

யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்ததிலேயே உருப்படியானது அதுதான். அதன் பிறகு வாயைத் திறந்தார்கள், கெட்டது.

பத்து நிமிஷத்துக்கு மேல் உட்காராதீர்கள். உங்கள் சித்தப்பாவுக்கும் இதே நோய் வந்து என்ன ஆனது என்ற கதை வேண்டாம். ஜெபம் பண்ணலாமா என்று கேட்டுவிட்டுப் பண்ணுங்கள். மெதுவாக, பக்கத்துக் கட்டிலில் ஆள் தூங்குகிறார். ஆப்பிளும் ஆர்லிக்ஸும் ஏற்கெனவே மேஜையில் நாலு இருக்கும். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர் மூன்று நாளாகக் குளித்திருக்க மாட்டார். "நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க அக்கா, அதுவரைக்கும் நாங்க இருக்கோம்" என்று சொல்லுங்கள். ஃபோன் சார்ஜர் ஒன்று கொண்டுபோங்கள், வயர் நீளமானதாக. வார்டில் பிளக் எப்போதும் கட்டிலுக்குத் தூரத்தில்தான் இருக்கும்.